நுமாயிஷ் தொடங்கும்போதே நமக்குக் கோடை

(செகந்திராபாத்தில் ஏசி, கூலர், கீசர் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள தமிழர்கள் 2025 டிசம்பரில் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோடையைப் பற்றிப் பேச டிசம்பரில் அழைத்திருக்கிறீர்கள். இதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. இன்று காலைகூட உங்களில் பலர் கீசர் வேலை பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். போர் தண்ணீரின் உப்பு எலிமெண்டில் ஓடு ஓடாகப் படிந்திருக்கும். அதைத் தட்டிக் கழுவி, ஆனோடு கம்பியை மாற்றி, மூடிவிட்டு வந்திருப்பீர்கள். ஜனவரியோடு அந்த வேலை அடங்கிவிடும். பிறகு மார்ச் பாதிவரை பையன்களுக்குச் சரியாக வேலை இருக்காது. ஏப்ரல், மே வந்தால் போனைக் கீழே வைக்க முடியாது. வருட வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில்தான் வருகிறது. கெட்ட பெயரும் அதே வாரங்களில்தான் வருகிறது.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். மே மாதத்தில் நம்மைத் திணறடிக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை மே மாதத்தில் உண்டானவை கிடையாது. பிப்ரவரியிலேயே அவை அந்த மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். அப்போதே போய்ப் பிடித்துவிட்டால், மே மாதத்தில் நம்முடைய ஆட்கள் நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போக முடியும். சீசனுக்குத் தயாராவது என்றால் பலரும் சரக்கு வாங்கி அடுக்குவதை நினைக்கிறார்கள். வேலையை ஒரு மாதத்திலிருந்து எடுத்து இன்னொரு மாதத்தில் வைப்பதுதான் தயாராவது என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஊரின் கணக்கை முதலில் பார்ப்போம். 1938இல் தொடங்கி, இப்போது நாம்பள்ளி மைதானத்தில் நடந்துவரும் நுமாயிஷ் கண்காட்சி, ஜனவரி 1ஆம் தேதி திறந்து பிப்ரவரி பாதியில் முடிவது வழக்கம். அந்த ஒன்றரை மாதம்தான் நமக்குக் கையில் இருக்கும் நேரம். அதே நாம்பள்ளியில், ஜூன் 8ஐ ஒட்டி வரும் மிருகசிரக் கார்த்தி என்னும் நட்சத்திரப் பருவம் பிறக்கும் நாளில் ஆஸ்துமாவுக்காக மீன் பிரசாதம் வாங்கக் கூட்டம் நிற்கும். அந்த வாரத்தில் மழை எட்டிப் பார்க்கும், நம் சீசனும் இறங்கும். அதற்கு முந்தைய ரோகிணிக் கார்த்திதான் கொடுமை. அந்த வெயிலில் உரலே வெடிக்கும் என்று தெலுங்கு மக்கள் சொல்வார்கள். பேகம்பேட்டில் பதிவான உச்சமான 45.5 டிகிரியும் ஜூன் மாதத்தில்தான், 1966 ஜூன் 2ஆம் தேதி. சராசரியாகப் பார்த்தால் பகல் உச்சம் மார்ச்சில் 35, ஏப்ரலில் 38, மே மாதம் 39 டிகிரி அளவில் இருக்கும். 35க்கும் 39க்கும் நாலு டிகிரிதானே என்று தோன்றும். நம் மெஷினுக்கு அந்த நாலு டிகிரி சாதாரண விஷயம் கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் டன் கணக்கு, வெளிக்காற்று 35 டிகிரி இருக்கும்போது சோதித்து எழுதியது. அதற்கு மேலே போகப் போக மெஷினின் திறன் குறையும், கரண்டு ஏறும். சுத்தமான கண்டென்சரே வெளிக்காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதல் சூட்டில்தான் கேஸைத் திரவமாக்குகிறது. பிப்ரவரி மத்தியானம் 31 டிகிரி என்றால் உள்ளே 45. காயில் முழுக்கத் தூசி அடைத்திருந்தாலும் 55ஐத் தாண்டாது. மெஷின் சமாளித்துவிடும், வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அதே மெஷின் மே மாதம், இரண்டு அபார்ட்மெண்டுக்கு நடுவே காற்றுப் போகாத சந்தில் தொங்குகிறது. மேலே கீழே எல்லா வீட்டு அவுட்டோர் யூனிட்டும் அதே சந்துக்குள் அனலைக் கக்குகின்றன. ஊரில் 41 டிகிரி என்றால் அந்தச் சந்தில் 48, 50 இருக்கும். தூசி படிந்த காயில் என்பது வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு ஓடுவது மாதிரி. உள்ளே சூடு 65ஐத் தாண்டும். ஆர்-410ஏ கேஸ் 71 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது என்பதை நினைவில் வையுங்கள். அந்த விளிம்பில் நின்றுகொண்டுதான் கம்ப்ரஸர் ஓவர்லோடில் கட் ஆகிறது, கெபாசிட்டர் உப்புகிறது, இன்வர்ட்டர் போர்டு கருகுகிறது. வீட்டுக்காரர், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நேற்றுவரை ஊரில் 38 டிகிரிதான்.

ஆகவே பிப்ரவரி சர்வீஸ் என்பது ஃபில்டரைக் கழுவி, இண்டோரில் தண்ணீர் அடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிற வேலையாக இருக்கக் கூடாது. பையன் அங்கே போய் மே மாதத்தைத் தேட வேண்டும். அவன் கையில் எப்போதும் மூன்று கருவிகள் இருக்கட்டும்: கிளாம்ப் மீட்டர், கெபாசிட்டர் அளக்கும் மீட்டர், தெர்மாமீட்டர்.

கெபாசிட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் சாதா ஸ்ப்ளிட்டில் 50 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். கழற்றி, டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் வைத்தால் 43 காட்டுகிறது. பிப்ரவரியில் அந்த 43லேயே கம்ப்ரஸர் கிளம்பிவிடும். மே மாதம் சாயங்காலம் வோல்டேஜ் தாழ்ந்திருக்கும்போது கிளம்பாது. உறுமிவிட்டு நின்றுவிடும், மறுபடி உறுமும், இரண்டு நாளில் வைண்டிங் போய்விடும். சில நூறு ரூபாய்ப் பொருளை இப்போது மாற்றினால் பல ஆயிரம் ரூபாய்க் கம்ப்ரஸர் பிழைக்கும். எழுதியிருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் வீட்டுக்காரருக்கு மீட்டரைக் காட்டி மாற்றிவிடுங்கள். மீட்டரைக் காட்டுவது முக்கியம். நம் தொழிலில் பாதி அவநம்பிக்கை, வாயால் மட்டும் சொல்வதால் வந்தது.

அப்புறம் அவுட்டோர் காயில். முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். காற்றை இழுப்பது பின்பக்கம்; தூசி சேர்வது அங்கேதான். இந்த ஊரில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் கட்டட வேலை. கொண்டாப்பூர், நார்சிங்கி, மணிகொண்டா பக்கம் போனால் சிமெண்டுத் தூளும் கிரானைட் அறுத்த பொடியும் ஃபின்னுக்குள் போய், முதல் தூறலில் நனைந்து, பூச்சு மாதிரி இறுகிப்போயிருக்கும். ஜெட் பம்பைத் தூரத்தில் பிடித்து நேராக அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் ஃபின் மடங்கிவிடும். கறுப்பாகவும் சாம்பலாகவும் தண்ணீர் இறங்கி, கடைசியில் தெளிவாக விழும்வரை அடிக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். மே மாதத்தில் எந்தப் பையனுக்கு அரை மணி நேரம் இருக்கிறது? அதனால்தான் பிப்ரவரி.

டிரெயின் பைப்பில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிப்ரவரியில் யாரும் ஏசி போடாததால் பைப் காய்ந்து கிடக்கும், அடைப்பு தெரியாது. ஏப்ரல் ராத்திரி படுக்கை மேல் தண்ணீர் சொட்டும்போதுதான் போன் வரும்.

அடுத்தது கேஸ். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாவது கிடையாது. மூடிய பைப்புக்குள் வருடக்கணக்கில் சுற்றுவது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவைத் தேடாமல் வருடா வருடம் "டாப்-அப்" போட்டுப் பணம் வாங்குவது திருட்டு. வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை வைத்து, பிளேர் நட்டையும் காயில் வளைவுகளையும் பார்க்க நேரம் வேண்டும். மூசி ஆற்று ஓரத்திலும் திறந்த நாலாக்களின் ஓரத்திலும் உள்ள வீடுகளில் இண்டோர் காயில் சீக்கிரம் ஓட்டையாவதைப் பார்த்திருப்பீர்கள். சாக்கடையிலிருந்து எழும் கந்தக வாயு செம்பை அரிக்கிறது. அங்கே எத்தனை தடவை கேஸ் போட்டாலும் நிற்காது. காயிலை மாற்ற வேண்டும், கிடைத்தால் மேல்பூச்சு உள்ள காயில் போட வேண்டும். அதை முதல் தடவையே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

குளிர்காலத்தில் பிரஷரை மட்டும் பார்த்துக் கேஸ் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். வெளிச்சூடு குறைந்தால் பிரஷரும் குறைவாகத்தான் காட்டும். இன்வர்ட்டர் மெஷினில் கேஜ் பார்த்துக் கேஸ் அளப்பதே தப்பு. சந்தேகம் இருந்தால் மீட்டு எடுத்து, வாக்குவம் போட்டு, மெஷினில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசில் நிறுத்துப் போடுங்கள். நம் தலைமுறை கற்றுக்கொண்டது ஆர்-22இல். புது மெஷினில் அந்த கேஸைப் போடுவது இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் சட்டப்படி நின்றுவிட்டது. இப்போது கைக்கு வருவதில் பெரும்பங்கு ஆர்-32. அதன் பிரஷர் ஆர்-22ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். லேசாகத் தீப்பிடிக்கவும் செய்யும். சில மெஷின்களில் ஆர்-290 இருக்கிறது, அது புரொபேன். சமையல் கேஸின் உறவு. பழைய பழக்கத்தில் பைப்பைத் திறந்ததும் டார்ச்சைப் பற்றவைக்கும் பையனை அந்த மெஷின் பக்கமே விடாதீர்கள்.

கேஸை மீட்கும் மெஷின் விலை கூடுதல் என்று சின்னக் கடைக்காரர்கள் காற்றில் திறந்துவிடுகிறார்கள். ஒரு கிலோ ஆர்-410ஏவைத் திறந்துவிட்டால், இரண்டு டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இந்தச் சூட்டை வைத்துப் பிழைக்கும் நாமே சூட்டைக் கூட்டக் கூடாது. நாலு கடை சேர்ந்து ஒரு மெஷின் வாங்குங்கள். ஒரே தெருவில் இருக்கிறோம், முறை வைத்துக்கொள்ள முடியாதா?

இப்போது நியாயமான கேள்வி ஒன்று வரும். பிப்ரவரியில் கூப்பிட்டால் வீட்டுக்காரர் கதவைத் திறப்பாரா? மாரெட்பள்ளியில் தனியாக இருக்கும் ஒரு பெரியம்மாவுக்குப் போன் செய்தால், "இன்னும் பனியே போகலையேப்பா, இப்ப என்னத்துக்கு சர்வீஸ்?" என்பார். அவரிடம் தள்ளுபடியைப் பற்றிப் பேசுவதைவிட விஷயத்தைச் சொல்வது நல்லது. "பெரியம்மா, இப்ப வந்தா பையன் ஒன்றரை மணி நேரம் நின்னு பார்ப்பான். மே மாசம் வந்தா இருபது நிமிஷத்துல ஓடிருவான். இப்ப பார்த்துட்டா, மே மாசம் நீங்க கூப்பிட்டதும் உங்க பெயர் முன்னால நிக்கும்." இதை அப்படியே சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். வருடாந்தர ஒப்பந்தமான ஏஎம்சியை இந்த ஒன்றரை மாதத்தில் புதுப்பித்தால் கடைக்கு ரொக்கம் வரும். அந்த ரொக்கத்தில் உதிரிப் பொருள் வாங்கலாம், வட்டிக்கு ஓட வேண்டியதில்லை. போன வருடத்து ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து, ஏப்ரல் மே மாதங்களில் கூப்பிட்ட வீடுகளின் பட்டியலை எடுங்கள். அவர்கள் எல்லாரையும் இப்போதே கூப்பிடுங்கள்.

அதே போனில் மொட்டை மாடியைப் பற்றியும் பேசுங்கள். மேல்மாடி வீட்டில் ஒன்றரை டன் போதவில்லை, இரண்டு டன் வேண்டும் என்று வருகிறார்கள். இரண்டு டன் விற்கும் முன் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தார்களா என்று கேளுங்கள். தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்தது. ஐந்து ஆண்டில் மாநிலம் முழுக்க 300 சதுர கிலோமீட்டர் கூரையைக் குளிர்க்கூரையாக்குவது இலக்கு, அதில் 200 ஹைதராபாத்தில். அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயம், சின்ன வீடுகளுக்கு அவரவர் விருப்பம். வெள்ளைத் தளம் போட்ட வீட்டில் அறைச்சூடு சில டிகிரி குறையும், நம் மெஷினும் மூச்சு விடும். பெரிய மெஷின் விற்பனை போகிறதே என்று வருந்த வேண்டாம். மே மாதம் அந்த வீட்டிலிருந்து குளிரவில்லை என்று போன் வராது. அதுவும் லாபம்தான். அதேபோல, 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. அதில் வைத்து மின்விசிறியும் போடச் சொல்லுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பீஇஇ சொல்லும் கணக்கு.

கூலரையும் விட்டுவிடக் கூடாது. சென்னையில் தொழில் பழகி வந்தவர்கள் கூலரை மட்டமாகப் பார்ப்பார்கள். கடற்கரை ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் கூலர் அங்கே புழுக்கத்தைத்தான் கூட்டும். தக்காணத்தில் கதை வேறு. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஏப்ரல் மத்தியானம் 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், நல்ல பேட் போட்ட கூலர் 27, 28 டிகிரிக் காற்றைத் தரும். ஏசி வாங்க முடியாத வீடுகளுக்கு அதுதான் உயிர். பேடில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதுதான் இங்கே நோய். தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறை முழுக்க வடித்துவிட்டால் பேட் கூடுதல் நாள் உழைக்கும். தகரக் கூலரின் எர்த் வயரை ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு குழந்தை ஓடிவந்து தொடும் பொருள் அது. எர்த் இல்லாத பிளக்கில் கூலரை மாட்டிவிட்டு வரக் கூடாது. கூலி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எச்சரித்துவிட்டு வாருங்கள்.

சரக்கைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இந்த ஆண்டு நடந்ததே போதும். 2024 கோடையில் ஏசி கிடைக்காமல் கடை கடையாக அலைந்தார்கள். அதைப் பார்த்து இந்த வருடம் கடன் வாங்கிப் பெட்டிகளை அடுக்கினார்கள். மே மாதத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. மே 24ஆம் தேதி கேரளத்தில் பருவமழை தொடங்கியது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. பெரிய கம்பெனிகளின் விற்பனையே விழுந்தது. செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது மக்களுக்கு நல்லது. பழைய சரக்கு வைத்திருந்தவர்களுக்கோ, விலை குறையட்டும் என்று மக்கள் காத்திருந்ததால் அதுவரை விற்பனை நின்றுபோனது. வரும் ஜனவரி 1 முதல் ஸ்டார் அட்டவணை மறுபடி கடுமையாகிறது. இன்றைய ஐந்து ஸ்டார் அன்றைக்கு ஐந்து ஸ்டாராக இருக்காது. சின்னக் கடைக்காரர் இந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. மெஷினை ஆர்டர் வந்தபின் எடுங்கள். கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், கால் இஞ்ச் அரை இஞ்ச் காப்பர் பைப், இன்சுலேஷன், பிளேர் நட், சென்சார் ஆகியவற்றை மட்டும் பிப்ரவரிக்குள் ராணிகஞ்சில் வாங்கி வையுங்கள். மழை வந்தாலும் கெட்டுப் போகாத சரக்கு அது.

இனி ஆட்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி நெருக்கடி வந்தபின் ஊரிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்து மறுநாளே மொட்டை மாடிக்கு ஏற்றுவது நம்மில் வழக்கமாக இருக்கிறது. வேலையிடத்தில் வெயிலுக்குச் சாகிறவர்களில் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதிகம் என்பது உலகம் முழுக்கக் கண்ட உண்மை. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினம் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவது என்பது தொழிற்சுகாதார நிபுணர்கள் வைத்திருக்கும் விதி. ஏப்ரலில் ஆள் எடுத்தால் இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது. பிப்ரவரியில் எடுத்தால் வெயிலும் அவனும் சேர்ந்தே வளர்வார்கள், சர்வீஸ் வேலையில் கையும் பழகும். இரண்டு மாதச் சம்பளம் கூடுதல் செலவுதான். அந்தச் செலவைப் போடுங்கள்.

2015 மே மாதம் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் வெயிலில் எத்தனை பேர் போனார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். நாடு முழுக்க 2,000க்கும் மேல், அதில் பெரும்பகுதி இந்த இரண்டு மாநிலங்களில். இந்த ஆண்டு ஏப்ரலில் தெலங்கானா அரசு வெயில் அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு உதவித் தொகையை 4 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. அந்தப் பணம் நம் பையன் ஒருவன் வீட்டுக்கும் போக வேண்டாம். பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை மாடி வேலையும் வெளிச்சுவர் வேலையும் கிடையாது என்று போர்டு எழுதி மாட்டுங்கள். காலை ஆறு மணிக்கு அனுப்புங்கள். அந்த நேரத்துக்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வார், கேட்டுப் பாருங்கள். பையில் ஓஆர்எஸ் இருக்கட்டும். ஒருவன் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ தலைவலி மாத்திரை தேடாதீர்கள். நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள். அந்த ஆம்புலன்ஸ் சேவை 2005இல் தொடங்கியதே இந்த ஊரில்தான்.

வரும் ஆண்டு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரம்ஜான் நோன்பு பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் தொடங்கி மார்ச் மூன்றாவது வாரம் வரை போகும். உகாதியும் அதே வாரத்தில், மார்ச் 19. நம்மிடம் இருக்கும் நல்ல கைகளில் பல பழைய ஊர்ப் பையன்களுடையவை. தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருப்பவனை மத்தியானம் சுவரில் தொங்கவிடக் கூடாது. காலை வேலையை அவர்களுக்குக் கொடுங்கள், மாலை இஃப்தாருக்கு முன் வீட்டுக்கு அனுப்புங்கள். லீவை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் இருந்துவிட்டு மார்ச்சில் கத்துவது முறையாகாது.

உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட் மட்டும் போதாது. அதன் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஏசி பிராக்கெட்டிலோ ஜன்னல் கிரில்லிலோ மாட்டினால் பெல்ட் போட்டதும் போடாததும் ஒன்றே. கட்டடத்தின் தூணிலோ உள்ளே உறுதியான கம்பியிலோ மாட்ட வேண்டும். மேலே ஒருவன், உள்ளே கயிறு பிடிக்க ஒருவன். ஒற்றை ஆளை அனுப்பாதீர்கள்.

கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கும் பம்ப் டவுனைச் செய்யும்போது கம்ப்ரஸர் வெடிப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் காரணம் எல்லாப் பையனுக்கும் தெரிய வேண்டும். வால்வை மூடிவிட்டு மெஷினை ஓடவிட்டபடியே பைப்பைக் கழற்றினாலோ, கசிவு உள்ள பைப்பில் பம்ப் டவுன் செய்தாலோ வெளிக்காற்று உள்ளே போகும். காற்றும் ஆயிலும் சேர்ந்து அழுந்தினால் டீசல் எஞ்சினுக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். கம்ப்ரஸர் வெடிகுண்டாகிவிடும். கேஸ் ஏற்கெனவே வெளியேறிப் போன மெஷினில் பம்ப் டவுன் செய்யவே கூடாது. கசிவு பார்க்க நைட்ரஜன் மட்டும்தான். வெல்டிங் கடையிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை அன்றைக்கே நிறுத்துங்கள். மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தில் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தார்கள். அப்படிப்பட்ட குறுகிய காலப் பயிற்சிகளுக்கு ஜனவரியில் பையன்களை அனுப்புங்கள், சம்பளம் பிடிக்காமல் அனுப்புங்கள்.

இந்த இடத்தில் கூலி முறையையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால், மே மாதத்தில் அவன் பெல்ட்டை மாட்ட ஒதுக்கும் ஐந்து நிமிஷத்தையும் காசாகப் பார்ப்பான். மாதச் சம்பளம் கொடுங்கள். அதன்மேல், ஒரு மாதத்துக்குள் அதே கம்ப்ளைண்ட் திரும்பி வராத வீடுகளுக்கு ஊக்கத்தொகை கொடுங்கள். அவசரமாக முடித்தவனைவிடச் சரியாக முடித்தவன் கூடுதலாக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக மே மாதம். என்ன செய்தாலும் அந்த மாதத்தில் நம்மால் முடிவதைவிடக் கூடுதலாகவே போன் வரும். யார் வீட்டுக்கு முதலில் போவது? இப்போது நடப்பது என்ன? யார் சத்தம் போடுகிறாரோ அவர் வீட்டுக்கு, இரட்டிப்புப் பணம் தருகிறேன் என்பவர் வீட்டுக்கு. இதை மாற்றுங்கள். போன் எடுக்கும் பெண்ணிடம் ஒரு அட்டையைக் கொடுங்கள். பெயர், முகவரிக்கு அடுத்து அவர் கேட்க வேண்டியது இதுதான்: "வீட்டுல பெரியவங்க, கைக்குழந்தை, உடம்பு முடியாதவங்க இருக்காங்களா? டயாலிசிஸ் போறவங்க உண்டா? மேல்மாடியா? வேற அறையில ஏசியோ கூலரோ ஓடுதா?" மெடிக்கல் ஷாப் என்றால் இன்சுலினும் தடுப்பூசியும் வைத்த பிரிட்ஜா என்று கேட்க வேண்டும். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து சாயங்காலம்வரை காத்திருக்காது. இந்தப் பதில்களை வைத்து வரிசை போடுங்கள். வேறு அறையில் ஏசி ஓடும் வீட்டுக்காரரிடம், "நாளைக்குத்தான் வர முடியும், இன்னைக்கு ஒரு கைக்குழந்தை வீட்டுக்குப் போறோம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். சிலர் வேறு கடைக்குப் போவார்கள், போகட்டும். காத்திருக்கும் வீடுகளுக்குப் போனிலேயே செய்ய முடிந்ததைச் சொல்லிக்கொடுங்கள்: மெயினை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழுவுவது, மேற்கு ஜன்னலுக்குத் திரை போடுவது, பெரியவர்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது.

அந்த அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கியதும் ஒரு முழு நாள் கடையை மூடிவிட்டு, பையன்களையும் உட்காரவைத்து, அவற்றைப் பிரித்துப் பாருங்கள். பிப்ரவரியில் நாம் பார்த்த வீட்டிலிருந்து எத்தனை போன் வந்தது, பார்க்காத வீட்டிலிருந்து எத்தனை வந்தது, எந்தப் பொருள் இல்லாமல் இரண்டாம் முறை போக வேண்டியிருந்தது, எந்தப் பையன் எந்த நாளில் சோர்ந்து விழுந்தான் என்று எழுதிவையுங்கள். அடுத்த டிசம்பரில் இதே கூட்டத்துக்கு அந்தத் தாள்களோடு வாருங்கள். அப்போது என் கருத்தை விட்டுவிட்டு, உங்கள் எண்களை வைத்துப் பேசலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கேஸ் மீட்கும் மெஷினைச் சேர்ந்து வாங்க விருப்பமுள்ள கடைக்காரர்கள் வெளியே போகும்முன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.